வெள்ளைக் கேன்

மனைவி ஆவுடைத்தங்கத்தைச் சிவனணைந்தான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய்தான், நாக்கு நனையட்டும், நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பியிருக்கா பாருங்க என்று கண்ணால் காட்டினாள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அன்றைய அளவை அவள் விடியற்காலையிலேயே குடித்து முடித்திருந்தாள். அவர் துண்டின் நுனியை நனைத்து உதட்டில் வைத்தார். அவள் அதைக் கன்றுக்குட்டி மாதிரிப் பல்லால் பிடித்து உறிஞ்சத் தொடங்கியதும் பயந்துபோய் இழுத்துக்கொண்டார். பல்லிலிருந்து துண்டு விடுபட்டபோது ஒரு சின்ன இழுவை இருந்தது. "உங்க கையால ஒரு வாய் தரமாட்டியளோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். பிறகு, "சரி, கீழ போயி பிள்ளைக்கு ஒரு பன்னு வாங்கிட்டு வாங்க, காலையிலேருந்து ஒண்ணும் திங்கல" என்றாள். அவர் வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். மகள் பவானி திரைக்கு வெளியே நின்றாள். அவர் அவளிடம் பன்னை நீட்டினார். எதற்கு நீட்டினோம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறார். அதற்காகத்தானே போனோம், போன காரியம் முடிந்தது என்று கை நினைத்திருக்கும். கைக்கு என்ன தெரியும். இப்போது சென்னையில் இந்த நடைக்கூடத்தில், இரும்பு நாற்காலியில், ஏ.சி. குளிரில் முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்து உட்கார்ந்திருக்கும்போதும் அந்தக் கையில்தான் காகித டம்ளர் இருக்கிறது. யாரோ ஒரு பெண் புண்ணியத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன தண்ணீர். விளிம்பு ஊறி மெத்தென்று ஆகிவிட்டது. குடிக்கலாம். யாரும் அளவு சொல்லவில்லை. அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருக்கிறார்.

எதிரே இருக்கும் கதவுக்குப் பின்னால் கூட்டம் நடக்கிறது. நாட்பட்ட நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பணம் கொடுக்கிற அரசு நிறுவனம் இது. இங்கே யாருக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை, ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. ஊரில் யாருக்கும் இன்றுவரை இது புரியவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, சர்க்கரையும் இல்லாமல் ரத்தக்கொதிப்பும் இல்லாமல், ஏன் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று டாக்டர் ரெஜினா வருஷாவருஷம் ஜீப்பில் வந்து ரத்தம் எடுத்தபோது, எல்லாரும் கையை நீட்டியது மருந்து வரும் என்ற நம்பிக்கையில்தான். தங்கமும் அப்படித்தான் நீட்டினாள். "இத்தன ரத்தம் கொண்டு போறாவளே, ஒரு டானிக்காவது தரமாட்டாவளா" என்று சிரித்தாள். அளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ரூமில் வேலை செய்தபடி, பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தே படிப்பு வந்தவர் சிவனணைந்தான். அவர்தான் அவளுக்கு விளக்கினார். இது நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கிறது, மருந்து பிறகு. பிறகு என்றால் எப்போது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே. காரணம் கண்டுபிடிக்கிற முதல் கட்டம் முடிந்துவிட்டது. இரண்டாம் கட்டத்துக்கு டாக்டர் ரெஜினா கேட்ட பணத்தைக் கொடுப்பதா என்று முடிவுசெய்யத்தான் இன்றைக்குக் கூட்டம். அளத்தில் நிழலுக்குக் கொட்டகை, குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, இடைவேளை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, இதையெல்லாம் செய்துகொடுத்தால் சிறுநீரகம் தப்பிக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். பாதிக்கப்பட்ட ஊரிலிருந்து ஓர் ஆளும் வரவேண்டும், கூப்பிட்டால் உள்ளே போய் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று விதி வந்திருக்கிறதாம். அதனால் அவர். தங்கம் போன பிறகு அதே அளத்துக்கு, அதே பாத்திக்கு, பவானி உப்பு வாரப் போகிறாள். போன தடவை அவளுடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் ரெஜினா, "லேசா ஏறியிருக்கு அண்ணாச்சி, இப்பவே பிடிச்சா நிறுத்திரலாம்" என்றார். லேசா. தங்கத்துக்கும் முதலில் லேசாகத்தான் ஏறியது. கதவு திறந்தால் பவானிக்கு நிழலும் தண்ணீரும். திறக்காவிட்டால். திறக்காவிட்டால் என்பதோடு நினைப்பு நின்றுவிடுகிறது, மாடு மிரண்டு நிற்பதுபோல, தட்டினாலும் நகர்வதில்லை.

கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் தாஸ் காலையிலிருந்து அவரை அளந்துகொண்டே இருந்தான். "இன்னா பெருசு, பேஷண்டா?" என்றான் கடைசியில். "இல்ல தம்பி, ஊர் சார்பா வந்திருக்கேன்." "ஊர் சார்பாவா? எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சியா?" "போட்டி ஒண்ணும் இல்ல. வேற யாரும் வரல." தாஸ் சிரித்து, தொடையில் தட்டிக்கொண்டான். "எனக்கும் சுகர் இருக்குது. இந்த ரூமுக்கு வர்ற எல்லா டாக்டரும் சுகருக்குன்னு சொல்லித்தான் துட்டு வாங்கினு போறான். இதுவரைக்கும் ஒருத்தன்கூட என் கைய புடிச்சு பாத்ததில்ல." சொல்லிவிட்டு பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நல்ல மனுஷன்தான். எழுந்துபோய் மேலே காற்று வருகிற வழியைக் கொஞ்சம் திருப்பி வைத்தான், குளிர் அவர்மேல் நேராக விழாதபடி. ஆனாலும் விழுந்தது. அளத்து வெயிலில் காய்ந்த உடம்புக்கு இந்தக் குளிர் ஒரு நோய் மாதிரி இருந்தது. அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வராது, வெள்ளை உப்பிலிருந்து எழும்பிக் கீழிருந்தும் வரும், முகவாய்க்கு அடியில் சுடும். மோட்டார் ரூமுக்குக் கூரை இருந்தது, மண்பானை இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெண்கள் வரிசையாகக் குனிந்து வாரிக்கொண்டிருப்பது தண்ணீருக்குள் தெரிவதுபோல அசைந்து தெரியும். அதில் எது தங்கம் என்று அவருக்கு நடையிலேயே தெரியும். அவள் போன பிறகும் ஒருநாள் ஜன்னலில் பார்த்துத் தேடிவிட்டு, பிறகு நினைவு வந்து, மோட்டாரை நிறுத்த மறந்து… என்ன செய்தோம் அன்றைக்கு? நினைவில்லை. தண்ணீர் பாத்தியை மீறி வரப்பில் ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

கதவு திறந்தது. டாக்டர் ரெஜினாதான். கழுத்தில் அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது. குனிந்து, தாழ்ந்த குரலில், ஊர்ப் பேச்சில் கேட்டார்: "அண்ணாச்சி, உள்ள ஒரு கேள்வி கேக்காவ. பொம்பளையாளுக அளத்துல நல்லா தண்ணி குடிப்பாவளா?" "எங்கம்மா குடிக்க! காலம்பற ஒரு வாய், அப்புறம் வீட்டுக்கு வந்துதான். குடிச்சா ஒதுங்கணும்லா. ஒதுங்க எங்க இடமிருக்கு, கண்ணுக்கெட்டின மட்டும் வெட்டவெளி." "எனக்கும் அதான் தெரியும். ஆனா முதல் கட்டத்துல ஒரு நாள் சிறுநீர் முழுசையும் கேன்ல பிடிச்சுத் தரச் சொன்னோம்லா. ஆம்பளையாளுக கேன்ல கொஞ்சமா, கெட்டியா, தேயிலைச் சாயம் மாதிரி இருந்துச்சு. பொம்பளையாளுக கேன் எல்லாம் நிறைஞ்சு தெளிஞ்சு இருந்துச்சு. இவ்வளவு போகுதுன்னா இவங்க நிறைய குடிக்காங்க, அப்ப இவங்களுக்கு நோய் வர்றது தண்ணிக்குறைவால இல்ல, கொட்டகையும் கழிப்பறையும் எதுக்குன்னு கேக்காவ." சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், யாரோ கூப்பிட்டார்கள் என்று உள்ளே போனார். கதவு தானாக மெதுவாக வந்து மூடிக்கொண்டது. சத்தமே இல்லை. நிறைஞ்சு தெளிஞ்சு. சிவனணைந்தான் அந்த இரண்டு வார்த்தைகளையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். நடைக்கூடத்தில் ஒரு பெண் தோளில் பாட்டிலோடு போனாள். போகும்போதே மூடியைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தாள், கடைசியில் இருந்த கழிப்பறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோக்கில். ஒரு யோசனை இல்லாமல். கதவில் சேலை கட்டின பொம்மைப் படம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, ஏன் என்று தெரியாமல், தன் வீட்டு அடுப்படி வாசல் தெரிந்தது. அங்கே ஒரு வெள்ளைக் கேன்.

வெள்ளைக் கேன், நீல மூடி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு ஊரில் ஒரே கூத்து. பெண்கள் சாக்குக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள், பக்கத்து வீட்டு இசக்கியம்மை அதன்மேல் பாவாடையைப் போட்டு மூடினாள். "எக்கா, இத எங்க வைக்க? சாமி ரூம்ல வைக்கவா?" "வையி, அதுக்கும் பத்தி கொளுத்து." சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாள் விடிந்து ஜீப் வருகிற நேரம். அவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு பகல் ஓர் இரவு முழுக்க அவள் உடம்பிலிருந்து வந்தது. "என்னது இது, நாய் நக்கின மாதிரி" என்றாள். அவமானம் முகத்தில் தெரிந்தது. அளத்தில் உப்பு சுமக்கிற பெட்டி தலைக்குமேல் குவிந்து நிற்கவேண்டும். குறைந்த பெட்டியைக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் நின்று, "ஏட்டி, அரப்பெட்டிக்காரி, இதுக்குக் கையை வீசிக்கிட்டு வந்திருக்கலாம்லா" என்று எல்லாரும் கேட்கக் கத்துவார். கல்யாணம் ஆகி வந்த நாள்முதல் தங்கம் குறைபெட்டி சுமந்ததில்லை. அது அவள் பெருமை. யாராவது கிண்ணத்தில் குழம்பு கொடுத்துவிட்டால், வெறுங்கிண்ணத்தைத் திருப்பி அனுப்பமாட்டாள், ஒரு பிடி அரிசியாவது போட்டு அனுப்புவாள். "அம்புட்டுத் தூரம் கார்ல வந்து வாங்கிட்டுப் போறாவ. இத எப்படிக் குடுக்க?" என்று சொல்லிக்கொண்டே குடத்தைச் சாய்த்தாள். இசக்கியம்மை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, "நானும் ஊத்திட்டேன் எக்கா, கழுத்து மட்டும் ஊத்து, தளும்பிரப் போவுது" என்றாள். தங்கம் சாய்த்தது போர்த் தண்ணீர்க் குடம் இல்லை. லாரியில் காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீர்க் குடம். "டெஸ்ட் பண்ணுதவங்களுக்கு நல்ல தண்ணியாத்தான் இருக்கட்டும்." அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்து, இவள் கை எப்போதும் தாராளம் என்று நினைத்தார். மறுபடி பேப்பருக்குள் போனார். என்ன செய்தி படித்தார் அன்றைக்கு? எங்கோ மழை. எங்கோ பாலம். ஜீப்பில் வந்த பெண் கேனை வாங்கித் தூக்கிப் பார்த்து, "சூப்பர்க்கா" என்றாள். தங்கத்துக்கு அன்று முழுக்க முகம் மலர்ந்திருந்தது.

எல்லா வீட்டிலும். தெரு முழுக்க. பக்கத்து ஊரிலும் அப்படித்தான் இருக்கும், அங்கேயும் பெட்டி சுமக்கிறவர்கள்தானே. ஆண்கள் ஊற்றவில்லை; ஆண்களுக்கு அந்த வெட்கம் இல்லை, இருந்ததைக் கொடுத்தார்கள், போ என்றார்கள். அந்த நல்ல தண்ணீர்தான் இப்போது உள்ளே மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. போய்ச் சொல்லவேண்டும். எழுந்தார். முழங்கால் சொடுக்கிட்டது. "உள்ள போகணும் தம்பி." "கூப்ட்டாங்களா?" "இல்ல." "கூப்புடாம போனா என் வேலை போயிடும் பெருசு, குந்து." உட்கார்ந்தார். சொன்னால் என்ன ஆகும்? கேனில் இருந்தது தண்ணீர் என்று சொன்னால், அப்போது ஐந்து வருஷமாக இந்த அம்மா அளந்ததெல்லாம் குடத்துத் தண்ணீரா என்று கேட்பார்கள். ரத்தமும் பொய்யா, ஆளும் பொய்யா என்று கேட்பார்கள். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டால்? ஆண்களுக்கு வர இருந்ததும் போய்விட்டால்? ஊரில் போய் எந்த முகத்தோடு நிற்பது. செத்துப்போனவளை வேறு இழுக்கவேண்டும், இத்தனை பெரியவர்கள் நடுவில், மூத்திரம், குடம், என் பெண்டாட்டி என்று வாயைத் திறந்து. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் பெண்கள் நிறையக் குடிக்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். எழுதினது நிற்கும். நிறையக் குடிக்கிறார்கள். துண்டு நுனியைப் பல்லால் பிடித்தவள். பவானி இந்நேரம் வாரிக்கொண்டிருப்பாள், மணி என்ன, வெயில் உச்சிக்கு வந்திருக்கும், உதட்டை நாக்கால் தடவினால் உப்புக் கரிக்கும். "கொஞ்சம் குடிச்சுக்கிட்டாதான் என்ன பிள்ள" என்று அவர் கேட்காத நாளில்லை. "குடிச்சுட்டு எங்கப்பா போக? வரப்புல உக்காந்தா லாரிக்காரன் ஆரன் அடிக்கான்." அதைக் கேட்கிற தகப்பன் வேறு பக்கம் பார்ப்பான். சொல்லவேண்டும். சொன்னால் என்ன ஆகும். சொல்லாவிட்டால். மோட்டார் பெல்ட் நழுவி, சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றுமே, தண்ணீர் ஏறாமல், அதுபோல நினைப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. டம்ளரின் அடி கசிந்து வேட்டியில் ஈரம் பரவுவதை அவர் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தார். இந்த இடத்தில் இந்த ஈரத்தோடு எழுந்தால் தாஸ் என்ன நினைப்பான் என்று, அந்த நேரத்திலும், ஒரு வெட்கம் வந்தது.

தேநீருக்கு விட்டார்கள். கோட்டுப் போட்டவர்களும் பட்டுச்சேலைக்காரர்களும் பிஸ்கட் தட்டைச் சுற்றி நின்று, யாருடைய மகனுக்கோ எங்கோ இடம் கிடைத்ததைப் பற்றிப் பேசினார்கள். டாக்டர் ரெஜினா கப்போடு தனியாக நின்றார். சிவனணைந்தான் போய்ச் சொன்னார். "டாக்டரம்மா, அது தண்ணி. கேன்ல இருந்தது. குறையாக் குடுக்கக் கூச்சப்பட்டு எங்க வீட்ல குடத்துலேருந்து ஊத்துனா. நான் பாத்தேன்." டாக்டர் ரெஜினா கப்பை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "உங்க வீட்ல மட்டுமா அண்ணாச்சி?" "தெருவு பூரா." அவர் திட்டுவார் என்று சிவனணைந்தான் எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் திட்டவில்லை. இரும்பு நாற்காலியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க அம்மாவும் அளத்துக்குப் போனவதான்" என்றார். "அவளும் ஊத்தியிருப்பா. இது எனக்குல்லா தோணியிருக்கணும்." பிறகு எழுந்தார். "சொல்லிருதேன். சொல்லாம இருக்க முடியாது." மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள்.

இந்தத் தடவை கதவு சீக்கிரம் திறந்தது. கூட்டத் தலைவர் போலிருந்த வெள்ளைத் தலைமுடிக்காரர் நேராக அவரிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கைகள் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தன. "நீங்க சொன்னது ரொம்ப முக்கியமான விஷயம். ரொம்ப நன்றிங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போனார். டாக்டர் ரெஜினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக வந்தார். "ஆம்பளையாளுகளுக்கு மட்டும் குடுத்திருக்காவ அண்ணாச்சி." அவருக்கு உடனே விளங்கவில்லை. "நான் சொன்னதச் சொன்னியளா?" "சொன்னேன். முதல்ல, பொம்பளையாளுகளுக்குத் தண்ணிக் குறையில்ல, அதனால அவங்க வேண்டாம்னாவ. நீங்க சொன்னதச் சொன்னதும், அப்ப அவங்க கணக்க நம்ப முடியாது, அதனால இப்ப வேண்டாம்னுட்டாவ. ஆம்பளையாளுகளுக்குக் கொட்டகை, தண்ணி, மாசாமாசம் ரத்தம். கழிப்பறைய எடுத்துட்டாவ, ஆம்பளைகளுக்குத் தேவையில்லன்னு." "பொம்பளையாளுகளுக்கு?" "திரும்ப முதல்லேருந்து அளக்கணும். அதுக்குத் தனியா விண்ணப்பம் போடணும். அறிவிப்பு வந்தாப் போடுவேன்." "எப்ப வரும்?" டாக்டர் ரெஜினா அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "தெரியல அண்ணாச்சி" என்றார். சொன்னாலும் அது, சொல்லாவிட்டாலும் அது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று உருட்டியது எதற்கு? இரண்டு பக்கமும் ஒரே சுவரில்தான் போய் முட்டியிருக்கிறது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட ஒரு முகம் வேண்டும். யார்மேல் படுவது, கையைப் பிடித்தவர் மேலா, குடம் சாய்த்தவள் மேலா.

கீழே இறங்கி வாசலுக்கு வந்தபோது வெயில் வந்து உடம்பைப் பிடித்துக்கொண்டது; அது ஒன்றுதான் அன்றைக்குத் தெரிந்த முகமாக இருந்தது. போன் அடித்தது. பவானி. பின்னால் காற்றுச் சத்தம், லாரிச் சத்தம். "என்னப்பா, சாப்பிட்டியளா? என்ன சொன்னாவ?" "ஆம்பளையாளுகளுக்குக் கெடச்சிருக்கு பிள்ள." "ஆம்பளையாளுகளுக்கா!" சிரித்தாள், அவளுடைய அம்மாவின் சிரிப்பு, முதலில் மூக்கில் ஆரம்பித்துப் பிறகு வாய்க்கு வருவது. "அவுகளுக்கு என்னப்பா கொறை? எங்களுக்கு?" "இனிமே அளப்பாவளாம்." "அளக்கட்டும், அளக்கட்டும்" என்றாள் பவானி. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "தண்ணி குடிச்சியா?" என்று அவசரமாகக் கேட்டார். "வீட்டுக்குப் போயி குடிக்கேன்ப்பா" என்றாள், போன் நின்றுவிட்டது. மோட்டார் ரூம் ஆளும் உப்பளத் தொழிலாளிதான் என்பதால் ஆண்கள் வரிசையில் அவருடைய பெயரும் உண்டு. அடுத்த மாதத்திலிருந்து ஜீப் அவருக்காக வரும். வீட்டில் இப்போது இருப்பது அவரும் மகளும்தான். டாக்டர் ரெஜினா கடைசியாக எடுத்த பரிசோதனையின்படி, சிவனணைந்தானுக்கு இரண்டு சிறுநீரகங்களும் குறையில்லாமல் வேலை செய்கின்றன.